தாயத்தில் ஏழு

நான் சொல்லப்போகும் விஷயத்தில் எனக்கே பல வருஷமாகச் சந்தேகம் உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. சந்தேகத்தோடுதான் இதை இத்தனை காலமும் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறேன். நீங்கள் விளையாட்டை நிறுத்த வேண்டாம். விளையாடிக்கொண்டே கேட்கலாம். சங்கரன்கோவிலில் பஸ் ஏறியதிலிருந்து உங்கள் போனைப் பார்த்துக்கொண்டுதான் வருகிறேன். மேலேயிருந்து கலர் கலராக விழுகிறது, நீங்கள் தள்ளுகிறீர்கள், உடைகிறது, மறுபடியும் விழுகிறது. திருநெல்வேலி போய்ச் சேர்வதற்குள் முடிகிற விளையாட்டு இல்லை அது. முடியாதபடிதான் எழுதியிருப்பார்கள். எனக்குத் தெரியும். ஒருவகையில் அதுதான் என் வேலை.

வேலை என்றால் எழுதுவது இல்லை, எழுதச் சொல்லிக்கொடுப்பது. பாளையங்கோட்டையில் ஒரு தையல் பள்ளியின் மாடியில், ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும். மற்ற நாட்களில் ஒரு லாரி ஆபீஸில் பில் போடும் புரோகிராமைப் பார்த்துக்கொள்கிறேன். என்னிடம் வருகிறவர்கள் சின்னப் பிள்ளைகள் இல்லை. வீட்டு வேலை, பீடி வேலை, கடை வேலை என்று இருந்துவிட்டு, முப்பது முப்பத்தைந்து வயதுக்குமேல், நமக்கும் இது வருமா என்று பார்க்க வருகிறவர்கள். வந்ததும் கேட்கிற கேள்வி ஒன்றுதான். கம்ப்யூட்டர் படிக்க வந்தோம், விளையாட்டு எதற்கு சார்?

அதற்கு என்னிடம் பதில் இருக்கிறது. சம்பளம் போடுகிற புரோகிராமில் தப்பு இருந்தால் மாதக் கடைசியில்தான் தெரியும். அதுவும் யாராவது சண்டைக்கு வந்தால். விளையாட்டில் தப்பு உடனே தெரிந்துவிடும். பந்து மேலே போக வேண்டும், கீழே போகிறது. அவ்வளவுதான். யாரும் திட்டுவதில்லை, யாருக்கும் நஷ்டமில்லை. ஒரு கூட்டல் குறியைக் கழித்தலாக மாற்றினால் மேலே போகிறது. முதல் தடவை பந்து சொன்னபடி கேட்கும்போது அவர்கள் முகத்தை நீங்கள் பார்க்க வேண்டும். அதைப் பார்க்கத்தான் ஞாயிற்றுக்கிழமையும் கிளம்பிப் போகிறேன் என்று நினைக்கிறேன். வீட்டில் இருக்கப் பிடிக்காமல்தான் போகிறேனோ என்றும் சில சமயம் தோன்றும். அது வேறு விஷயம்.

சொல்ல வந்தது சண்முகக்கனியைப் பற்றி.

எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. கோவில்பட்டியில் ஒரு பருத்தித் தரகர் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். சாயங்காலம் கம்ப்யூட்டர் சென்டர். ஞானசிகாமணி சார் என்று ஒருவர் நடத்தினார். அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் இருக்கிற அறைக்குள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். தூசி பட்டால் மெஷின் படுத்துவிடும் என்பார்கள். ஆனால் எங்களில் பாதிப் பேர் நிலைப்படியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் உள்ளே போனோம். ஏசி உண்டு. அது மெஷினுக்கு. மெஷினுக்குப் பக்கத்தில் இருந்ததால் எங்களுக்கும் கொஞ்சம் குளிரும்.

உனக்குத் தெரிந்த ஒரு விளையாட்டை எழுது என்றார் சார். எனக்குத் தெரிந்தது தாயம். உங்களுக்கும் தெரிந்திருக்கும். இரண்டு பித்தளைக் கட்டையை உருட்டிப் போட வேண்டும். ஒன்றிலிருந்து ஆறு வரை விழும், அதை விட்டால் பன்னிரண்டு. நடுவில் எதுவும் கிடையாது. நடக்கத் தெரிந்த நாளிலிருந்து எனக்கு அது தெரியும். தெரிந்திருந்தும், மெஷினுக்கு எழுதும்போது, ஒன்றுக்கும் பன்னிரண்டுக்கும் இடையில் ஏதாவது ஓர் எண்ணைப் போடு என்று எழுதிவிட்டேன். ஓடவிட்டேன். எடுத்த எடுப்பில் ஏழு விழுந்தது.

என் பின்னால் ஐந்தாறு பேர் தங்கள் முறைக்காக நின்றுகொண்டிருந்தார்கள். "அண்ணாச்சி, தாயத்துல ஏழு போட்ட மொத ஆளு நீங்கதான்" என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு என்றால் சாதாரணச் சிரிப்புதான். ஆனால் அதுவரைக்கும் நான் கணக்குப்பிள்ளை. எண் விஷயத்தில் என்னைப் பார்த்து யாரும் சிரித்தது கிடையாது. எழுந்து வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டேன். இனி இந்தப் பக்கம் வருவதில்லை என்று தீர்மானித்துவிட்டேன்.

சார் பின்னாலேயே வந்தார். என்னைச் சமாதானம் செய்யவில்லை. தெருவைப் பார்த்துக்கொண்டு, போன வருஷம் சண்முகக்கனி என்று ஓர் அம்மா படித்ததாகச் சொன்னார். சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலை. அந்த அம்மாவும் தாயம்தான் எழுதினாராம். அவருக்கும் ஏழுதான் விழுந்ததாம். எல்லோரும் சிரித்தார்களாம். அந்த அம்மா எழுந்திருக்கவே இல்லையாம். சிரித்தவர்களைத் திரும்பிப் பார்த்து, "விழுந்துட்டுல்லா. இனிமே அதுக்கும் ஒரு சட்டம் வச்சிருவோம்" என்று சொல்லிவிட்டு, ஏழு விழுந்தால் எதிராளியின் காய் ஒன்று வீட்டுக்குத் திரும்பிப் போக வேண்டும் என்று அங்கேயே எழுதிவிட்டாராம். அப்புறம் அந்த ஏழுக்காகவே ஆட்கள் வரிசையில் நின்று ஆடினார்களாம். தப்பை மறுநாள் சாவகாசமாகத் திருத்திக்கொண்டாராம்.

அவ்வளவுதான் சொன்னார். நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தேன். இரண்டு கட்டையையும் தனித்தனியாக உருட்டிக் கூட்டி, இரண்டும் புள்ளியில்லாமல் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு என்று மாற்றினேன். ஏழு போய்விட்டது. போனதும் விளையாட்டில் ஏதோ குறைந்த மாதிரி இருந்தது. அந்த அம்மாவுக்குத் தோன்றியது எனக்குத் தோன்றவில்லையே என்று ஒரு வருத்தம். அது இன்றைக்கும் இருக்கிறது. ஆளைப் பார்த்ததில்லை, ஆனாலும் எதை எழுதினாலும் சண்முகக்கனி இதை எப்படி எழுதியிருப்பார் என்று ஒரு யோசனை வந்துவிடும். என் கல்யாணத்தன்று கூட வந்தது. ஏன் என்று தெரியவில்லை.

சந்தேகம் வந்தது பிற்பாடு. யோசித்துப் பாருங்கள். எனக்குத் தாயம், அவருக்கும் தாயம். எனக்கு ஏழு, அவருக்கும் ஏழு. கதை எனக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது. எனக்கு முந்தைய பேட்ச்சில் படித்த இரண்டு பேரை விசாரித்தேன். அப்படி ஓர் அம்மாவை அவர்களுக்கு நினைவில்லை. இன்னொரு நாள் சார் யாருக்கோ இதே கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அதில் பெயர் சண்முகவடிவு. ஏழு விழுந்தால் காய் வீட்டுக்குப் போகவில்லை, எதிராளிக்கு அடுத்த முறை ஆட்டம் கிடையாது. ஒரு கதை சொன்னால் ஒரே மாதிரி சொல்ல வேண்டாமா? எனக்கு அது பிடிக்கவில்லை. கணக்கு எழுதியவன், எனக்கு அப்படித்தான்.

நானே சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தபோது இந்தக் கதையைத்தான் எடுத்துக்கொண்டேன். வேறு எதுவும் என்னிடம் இல்லை. உங்களையே வைத்துச் சொல்லலாமே என்று என் மனைவி ஒரு தடவை கேட்டாள். லாரி ஆபீஸில் பில் போடுகிறவனைக் காட்டி யாருக்கு என்ன தைரியம் வரும்? ஆனால் நான் எதையும் கூட்டிச் சொன்னதில்லை. ஒரு பேட்ச்சில் ஒருவர், அந்தம்மா இப்போது எங்கே இருக்கிறார் என்று கேட்டார். தெரியாது என்று சொன்னால் கதை பாதியில் நின்றுவிடும். அதனால் சென்னையில் ஒரு கம்பெனியில் என்று சொன்னேன். அடுத்த பேட்ச்சில், இன்னுமா சென்னையில் இருக்கிறார் என்று ஒருத்தர் கேட்டார். அவர் கேட்டதும் நியாயம்தான், அதனால்தான் சிங்கப்பூர் வந்தது. இரண்டு பிள்ளைகள் என்பதும் அப்படிக் கேட்டதால் வந்ததுதான். கேட்டதற்குத்தான் பதில் சொல்லியிருக்கிறேன். சார் செய்ததுபோல் பெயரை மாற்றியதெல்லாம் கிடையாது.

இப்போது சபூரா என்று ஓர் அம்மா வருகிறார். வந்துகொண்டிருந்தார் என்று சொல்ல வேண்டும். மேலப்பாளையம். வீட்டில் பீடி சுற்றுகிறார். வகுப்புக்கு வருகிற ஞாயிற்றுக்கிழமை வேலை குறையும், அதற்கு வீட்டில் பேச்சு விழும், அதையும் வாங்கிக்கொண்டுதான் வருவார். வண்ணாரப்பேட்டையில் ஒரு சின்ன ஆபீஸில், நீங்களே செய்தது என்று ஏதாவது ஒன்றைக் கொண்டு வந்து காட்டுங்கள், வேலைக்கு எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். வருகிற வியாழக்கிழமை. கிடைத்தால் மேஜை நாற்காலி. கிடைக்காவிட்டால் மடியில் பீடித் தட்டுதான், இனிமேல் வகுப்பு கிகுப்பு என்று கிளம்பக் கூடாது என்று மாமியார் சொல்லிவிட்டாராம். இதை அவரே சொன்னார், சிரித்துக்கொண்டு.

அவர் எழுதிய விளையாட்டு நன்றாகத்தான் இருந்தது. மேலேயிருந்து பீடி இலை விழும். கீழே ஒரு தட்டு. அம்புக்குறியை அழுத்தித் தட்டை நகர்த்தி இலையைப் பிடிக்க வேண்டும். நாலைந்து இலை பிடித்தார். கடைசி இலை வலது ஓரத்தில் விழுந்தது. அதைப் பிடிக்கிற வேகத்தில் தட்டு திரையைத் தாண்டி வெளியே போய்விட்டது.

"சார், தட்டு எங்க?" என்றார்.

போய்க்கொண்டிருக்கிறது என்றேன்.

"எங்க போய்க்கிட்டிருக்கு?"

வலது பக்கம் என்றேன். திரைதான் முடிகிறது, தட்டு இருக்கும் இடத்தைச் சொல்கிற எண் முடிவதில்லை, நீங்கள் நிற்கச் சொல்லவில்லை, அதனால் அழுத்த அழுத்த அது போய்க்கொண்டே இருக்கும் என்று விளக்கினேன். விளக்கம் சரியான விளக்கம். பக்கத்தில் இருந்தவர், "சபூரா, ஒனக்கு முந்தி ஒன் தட்டு மேலப்பாளையம் போயிட்டு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சபூராவும் சிரித்தார். சிரித்துவிட்டு, "நிக்கச் சொல்றதுக்கு ஒரு வரி சொல்லுங்க சார்" என்று மெதுவாகக் கேட்டார்.

அந்த வரியை நான் சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகும்? தட்டு நிற்கும். அவருக்கு ஒன்றும் வராது. தானாகக் கண்டுபிடித்தால்தான் மனதில் நிற்கும். அதனால் எல்லோரையும் உட்கார வைத்து சண்முகக்கனியின் கதையைச் சொன்னேன். சத்துணவுக் கூடத்தில் தொடங்கி சிங்கப்பூர் வரை சொன்னேன். அன்றைக்கு நன்றாகவே வந்தது. ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சபூரா மட்டும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றார். அந்த அக்காவின் நம்பர் வேண்டும் என்றார். எதற்கு என்று கேட்டேன்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும் சார். எல்லாரும் சிரிச்சப்ப, எந்திரிச்சுப் போகாம எப்படி உக்காந்திருந்தாங்கன்னு. எனக்கு அதுதான் வர மாட்டேங்குது. மத்ததெல்லாம் படிச்சிருவேன்."

இப்போது கூப்பிட முடியாது, சிங்கப்பூரில் ராத்திரி என்றேன். காலை பதினொரு மணி அப்போது.

"சிங்கப்பூர்லயும் பகல்தான் சார். நம்மள விட ரெண்டரை மணி நேரம் கூட. எங்க அண்ணன் அங்கதான் இருக்கு."

நம்பரைத் தேடிப் பார்க்கிறேன் என்று சொன்னேன். "கிடைச்சதும் சொல்லுங்க சார், வந்து உக்காந்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். கோபமாக இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். அதற்கு அடுத்த ஞாயிறும் வரவில்லை, அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. நாளை ஞாயிறு. அதை விட்டால் வியாழக்கிழமை வந்துவிடும்.

என் மனைவியிடம் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்த ஒரு வரியைச் சொல்லித் தொலைச்சிருக்கலாம்லா" என்றாள். அவளுக்குச் சொல்லிக்கொடுப்பதைப் பற்றி ஒன்றும் தெரியாது. வரியில் என்ன இருக்கிறது? சபூரா கேட்டது வரியை இல்லை, ஆளை. முதலில் வரியைத்தான் கேட்டார். அது வேறு.

ஆனால் தூக்கம் வரவில்லை. இத்தனை வருஷமாகச் சந்தேகம் என் சொந்தச் சந்தேகமாக இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டிருந்தேன். இப்போது அந்தக் கதையை நம்பி ஒருத்தர் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். சண்முகக்கனி இருந்தால் நம்பரை வாங்கிவிடலாம். இல்லையென்றால், இல்லை என்று சாரே தன் வாயால் சொல்லட்டும். இரண்டில் ஒன்று தெரிந்தாக வேண்டும். சார் கோவில்பட்டி சென்டரை மூடிவிட்டு சங்கரன்கோவிலில் மகள் வீட்டில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். இன்று காலை போனேன். அங்கிருந்துதான் வருகிறேன்.

நாற்காலியில் உட்கார்ந்து பழைய டிவி ரிமோட்டைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். வயதாகிவிட்டது, ஆனால் நன்றாக இருக்கிறார். கோவில்பட்டி ஆவுடையப்பன் என்று சொன்னேன். தெரியவில்லை. பருத்திக் கடை என்றேன். தெரியவில்லை. தாயம் என்றேன், ஏழு விழுந்தது என்றேன். ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டார்.

"ஏழு ஆவுடையப்பனா? நீ எப்பம்டே கனடாவுலேருந்து வந்த?"

நான் போகவே இல்லை என்று சொன்னேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அவருக்குக் கொஞ்சம் வருத்தம் என்று தோன்றியது. நல்ல வேலையை விட்டுவிட்டு வந்தவனைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். அப்புறம் அவராகவே எல்லாம் சொன்னார். எனக்குப் பின்னால் வந்த ஒவ்வொரு பேட்ச்சுக்கும் என் கதையைத்தான் சொன்னாராம், சென்டரை மூடும் வரைக்கும். அந்தக் கதையில் நான் வெளியே போகவில்லை. செருப்புப் பக்கமே போகவில்லை. எல்லோரும் சிரிக்கச் சிரிக்க அசையாமல் உட்கார்ந்திருந்தேனாம். திரும்பிப் பார்த்து ஏதோ சொன்னேனாம். நல்ல பதில். எனக்கு ஜென்மத்துக்கும் அப்படிப் பேச வராது. பிறகு ஏழுக்கு ஒரு சட்டம் எழுதினேனாம்.

என்ன சட்டம் சார் என்று கேட்டேன்.

"நீதானடே எழுதின, எங்கிட்ட கேக்க" என்றார்.

சண்முகக்கனி என்ற பெயர் என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதைக் கேட்கத்தான் இவ்வளவு தூரம் போனது. கேட்டிருந்தால் அவர் சொல்லியிருப்பார், மறைக்கிற ஆள் இல்லை அவர். அதற்குள் அவர் இன்னொன்றைச் சொன்னார். சென்டரை மூடுவதற்கு முந்தின வருஷம் ஓர் அம்மா படித்தாராம். வளையல் கடையில் வேலை, அதனால் காலை வகுப்பு. மட்டையால் பந்தை அடிக்கிற விளையாட்டு எழுதினாராம். பந்து மட்டையில் படாமல் அதற்குள்ளேயே புகுந்து போய்க்கொண்டிருந்ததாம், மட்டையே இல்லாத மாதிரி. பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்திருக்கிறார்கள். சார் என் கதையைச் சொல்லியிருக்கிறார். அந்த அம்மா கேட்டுவிட்டு, பையை எடுத்துக்கொண்டு, ஆவுடையப்பன் அண்ணாச்சியிடம் போனில் ஐந்து நிமிஷம் பேச வேண்டும் என்று சொன்னாராம்.

"நீ எங்க இருக்கன்னு எனக்கு என்ன தெரியும்? அங்க இப்பம் ராத்திரி, தூங்குவான்னு சொல்லி அனுப்பிட்டேன்" என்றார்.

கனடா என்றால் நிஜமாகவே அங்கே ராத்திரியாக இருந்திருக்கும். சார் யோசித்துத்தான் சொல்லியிருக்கிறார். சிங்கப்பூர் என் தப்பு.

அந்த வருஷம் நான் கோவில்பட்டியிலிருந்து ஒரு பஸ் தூரத்தில், லாரி ஆபீஸில் உட்கார்ந்திருந்தேன். மேஜையில் போன் இருந்தது. பெரும்பாலும் அடிப்பதில்லை. யாராவது கூப்பிட்டு, எல்லோரும் சிரித்தபோது எப்படி உட்கார்ந்திருந்தீர்கள் என்று கேட்டிருந்தால், உட்காரவில்லை அம்மா, எழுந்து போய்விட்டேன், அப்புறம் திரும்பி வந்தேன் என்று சொல்லியிருப்பேன். அதைச் சொல்ல ஒரு நிமிஷம் கூட ஆகாது.

சார் ரிமோட்டை மறுபடி கையில் எடுத்து மூட ஆரம்பித்தார். மகள் காபி கொண்டுவந்து வைத்தார். சண்முகக்கனி உண்டா இல்லையா என்று கேட்க அதைவிட நல்ல சமயம் கிடைக்காது. நான் அதைக் கேட்கவில்லை. வேறொன்று கேட்டேன்.

"சார், என் நம்பரைக் கேட்ட அந்தம்மா, அதுக்கப்புறம் வகுப்புக்கு வந்தாங்களா?"